பூங்காவில் காணாதவர்கள்

முதுமையைப் பற்றிய கூட்டங்களில் மருத்துவம் பேசுகிறோம், ஓய்வூதியம் பேசுகிறோம், பெற்றோரைப் பேணாத பிள்ளைகளைப் பற்றி வருந்திப் பேசுகிறோம். முதியவரின் பகல்பொழுது எப்படிக் கழிகிறது என்பது மட்டும் பேச்சுக்கு வருவதில்லை. அறுபதைக் கடந்தவருக்கு இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகள் இருக்கின்றன. அத்தனை ஆண்டுகளின் பகலும் மாலையும் எங்கே, யாரோடு போகும் என்பதை அவரவர் வீட்டுப் பாடு என்று விட்டுவிட்டோம். அது உள்ளாட்சியின் பொறுப்பும்கூட என்று காட்டுவதே இந்த உரையின் நோக்கம். நான் வைக்கும் வாதம் ஒன்றுதான். நம் ஊர்ப் பூங்காக்களில் முதியோருக்குப் பெருங்குறையாக இருப்பது கட்டுமானத்தைவிட, நடத்தும் ஆள் இல்லாமை. பூங்காவைக் கட்டப் பணம் ஒதுக்குகிறோம், திறப்பு விழாக் கல்வெட்டு வைக்கிறோம். மறுநாள் முதல் அந்த இடத்தில் முதியவருக்காக என்ன நடக்க வேண்டும் என்பதைக் கவனிக்க ஒரு பணியாளரோ, ஒரு கால அட்டவணையோ, வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியோ பெரும்பாலும் கிடையாது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள். இந்தியா முழுமைக்கும் அந்த அளவு 8.6. மத்திய அரசு அமைத்த மக்கள்தொகைக் கணிப்புக் குழு தமிழ்நாட்டுக்கு 2021-இல் 13.6 விழுக்காடு என்றும், 2031-இல் 18.2 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. பெரிய மாநிலங்களில் நம்மைவிட மூப்படைந்தது கேரளம் ஒன்றே. மறுபக்கம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால், "வயதானவர்களுக்குப் பேரன் பேத்தி இருக்கும்போது பூங்கா எதற்கு" என்று கேட்பவர்களுக்கு விடை கிடைத்துவிடும். பேரப்பிள்ளைகள் ஒருவர் அல்லது இருவர். அவர்களும் பள்ளி, டியூஷன் என்று போய்விடுகிறார்கள், அல்லது வேறு ஊரில், வேறு நாட்டில் வளர்கிறார்கள். கூட்டுக் குடும்பம் நிலைத்திருந்த காலத்திலும் பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கியதில்லை. திண்ணை தெருவைப் பார்த்துத்தான் கட்டப்பட்டது. ஆலமரத்து மேடையும் கோயில் பிராகாரமும் அவர்களுக்குப் பொழுது போகும் இடங்களாக இருந்தன. ஆனால் அந்த மேடையில் எல்லாச் சாதியாரும் உட்கார முடிந்ததில்லை. ஆகவே பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பச் சொல்ல எனக்கு மனமில்லை. சாதி கேளாமல், சீட்டு வாங்காமல் எவரும் நுழையக்கூடிய நகராட்சிப் பூங்கா அதைவிட மேலானது. அதை மேலானதாக நடத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

உடனே ஒரு மறுப்பு வரும். விடியற்காலையில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவையோ, அண்ணாநகர் டவர் பூங்காவையோ, தியாகராய நகர் நடேசன் பூங்காவையோ போய்ப் பாருங்கள், அங்கே இருப்பவர்களில் பெரும்பகுதியினர் முதியோர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் வந்தவர்களைப் பார்த்து வராதவர்களைக் கணிக்க முடியாது. காலணி அணிந்து, ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, நான்கு சுற்றுச் சுற்றிவிட்டு நண்பர்களோடு அரசியல் பேசித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நடக்க முடிந்தவர்கள், ஆண்கள், ஓய்வூதியமோ சேமிப்போ உள்ளவர்கள். அவர்கள் வருவது நல்லது. கைத்தடியோடு நடப்பவர், ஒருமுறை விழுந்து எழுந்தபின் வெளியே வர அஞ்சுபவர், சமையலை விட்டு வர முடியாத மூதாட்டி, அறுபத்தைந்து வயதிலும் வீட்டு வேலைக்குப் போகிறவர் ஆகியோர் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் கணக்கு வேறாகிவிடும்.

இப்படி எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் உண்டு. டெபோரா கோஹன் தலைமையிலான ராண்டு நிறுவன ஆய்வாளர்கள் 25 நகரங்களில் 174 பூங்காக்களை நேரில் கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மக்கள்தொகையில் 20 விழுக்காடாக இருந்த அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள், பூங்காவுக்கு வந்தவர்களில் 4 விழுக்காடு மட்டுமே. நம் வாதத்துக்கு இதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு. பொறுப்பாளர் ஒருவர் நின்று நடத்தும் நிகழ்ச்சி ஒன்று கூடுதலாக இருந்தால் பூங்காவின் பயன்பாடு 48 விழுக்காடு உயர்ந்தது. அதே குழுவின் மற்றோர் ஆய்வில், சுற்றி நடக்கும் பாதை உள்ள பூங்காக்களில் முதியோர் வருகை ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. அமெரிக்க ஊர்களின் அமைப்பு வேறு, நம் ஊர்களின் நெருக்கடி வேறு. அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் அவை காட்டும் திசையைக் கவனிக்கலாம். நடைபாதை என்ற பாதிப் பாடத்தை நாம் கற்றுவிட்டோம். சிறு நகராட்சியின் பூங்காவில்கூடச் சுற்றுப்பாதை உண்டு, எட்டு வடிவப் பாதையும் பல இடங்களில் உண்டு. மற்றப் பாதியாகிய 'நின்று நடத்துபவர்' நம் பூங்காக்களில் இல்லை. காவலர் இருப்பார், தோட்டப் பணியாளர் இருப்பார். காவலரின் வேலை பூட்டுவது, தோட்டப் பணியாளரின் வேலை செடிகளைப் பார்ப்பது. மனிதர்களைப் பார்ப்பது எவருடைய பணிப் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

நடை ஒன்றே போதாதா, அதற்கு ஆள் எதற்கு என்ற கேள்வியை மருத்துவச் சான்றுகளைக் கொண்டு பார்க்க வேண்டும். முதியவரின் வாழ்க்கையைச் சட்டென்று முடக்கிப் போடுவது விழுதல். ஒருமுறை தொடை எலும்பு முறிந்தால், அதற்கு முன்பிருந்த நடமாட்டம் பலருக்குத் திரும்புவதில்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 108 சோதனைகளை, இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களைக் கொண்டது. உடற்பயிற்சி விழுதல்களை 23 விழுக்காடு குறைக்கிறது என்று அது கண்டது. அந்தப் பயனைத் தந்தவை சமநிலைப் பயிற்சி, உட்கார்ந்து எழும் பயிற்சி, அவற்றோடு சேர்ந்த கால் வலுவூட்டும் பயிற்சி ஆகியவை. நடை மட்டும் கொண்ட திட்டங்களால் விழுதல் குறைகிறதா என்பதற்கு உறுதியான சான்று அதில் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, வாரம் மூன்று நாளேனும் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நாமோ நடையை மட்டுமே பிடித்துக்கொண்டோம். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நடுவயதினருக்கு அது சிறந்த அழைப்பு. மூட்டுத் தேய்ந்த எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓர் அழைப்பாகாது. அவருக்கு வேண்டியது பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்கக் கற்றுத் தருபவர். அதைப் படம் போட்டுப் பலகையில் மாட்டிவிட்டால் போதாது. பக்கத்தில் ஒருவர் நின்றால்தான் அச்சம் தெளியும்.

கருவிகளும் இந்த இடத்தை நிரப்பிவிடாது. திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பல பூங்காக்களில் வந்துவிட்டன. எதை யார் எவ்வளவு நேரம் செய்யலாம் என்று சொல்ல ஆளில்லாததால் அவை பிள்ளைகளின் ஊஞ்சலாகின்றன. கூழாங்கல் பதித்த பாதை இன்னும் கவலைக்குரியது. வெறுங்காலோடு அதில் நடந்தால் நோய் தீரும் என்று முதியவர்கள் நம்பி நடக்கிறார்கள். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்பது சர்க்கரை மருத்துவர்கள் அனைவரும் சொல்லும் விதி. காயம் பட்டால் அவருக்குத் தெரியாது, ஆறுவதும் கடினம். பூங்காவில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருந்தால் இந்தப் பாதையின் வாயிலில் அதைச் சொல்லித் தடுத்திருப்பார்.

அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். படுத்த படுக்கையானவரைத் தேடிப் போகும் அதே மருத்துவர், வாரம் இருமுறை ஒரு மணி நேரம் வார்டுப் பூங்காவில் நின்றால், படுக்கையில் விழாதபடி இருபது பேரைக் காக்கலாம். அவர் பயிற்றுவிக்கும் உள்ளூர்ப் பெண்கள், சுய உதவிக் குழுவினர், மற்ற நாட்களில் வகுப்பைத் தொடரலாம். ஜப்பானில் 1928 முதல் வானொலியில் ஒலிக்கும் இசைக்கு ஏற்பத் தெருவிலும் பூங்காவிலும் சேர்ந்து உடற்பயிற்சி செய்யும் வழக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறிது காலம் நின்று 1951-இல் மீண்டும் வந்த அதற்கு வேண்டியிருந்தவை ஓர் ஒலிபெருக்கி, ஒரு நேரம், முன்னால் நிற்க ஒருவர், அவ்வளவே. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில், நடப்பதற்கு நேரம் பிடிக்கும் மூத்தோர் தம் அட்டையைச் போக்குவரத்து விளக்குக் கம்பத்தில் தொட்டால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும் ஏற்பாட்டை 2009-லேயே கொண்டுவந்தார்கள். பூங்கா அதன் வாயிலில் தொடங்குவதில்லை, வீட்டுப் படியில் தொடங்குகிறது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சென்னை மாநகராட்சியும் 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. ஆனால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துப் பூங்காவுக்குப் போவது இன்றும் முதியவருக்கு உயிரைக் கையில் பிடிக்கும் வேலையாகவே இருக்கிறது.

இப்போது கழிவறைக்கு வருகிறேன். இதைப் பொதுமேடையில் விரித்துப் பேசத் தயங்குவதால்தான் இது இத்தனை நாள் தீராமல் இருக்கிறது. வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பெண்களுக்குச் சிறுநீர்ப்பை தளர்வு, சர்க்கரை உள்ளவருக்கு அடிக்கடி வரும் உந்துதல், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நீர் போக்கும் மாத்திரை ஆகிய எல்லாம் சேர்ந்து, கழிவறை எங்கே என்று தெரியாத இடத்துக்கு முதியவரைப் போகவிடாமல் தடுக்கின்றன. சிலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள், சிலர் மாத்திரையையே தவிர்க்கிறார்கள், பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பூங்காவில் கழிவறை கட்டப்பட்டிருக்கலாம்; அது பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று தெரியாவிட்டால், உள்ளே பிடித்து எழக் கம்பி இல்லாவிட்டால், அது இருந்தும் இல்லாததே. பெஞ்சும் அப்படித்தான். பளபளக்கும் கிரானைட் பெஞ்சில் சாய முதுகும் இல்லை, ஊன்றி எழக் கைப்பிடியும் இல்லை. முழங்கால் தேய்ந்தவர் அதில் உட்கார்ந்தால் எழ இன்னொருவர் வேண்டும். இருசக்கர வண்டி நுழையாமல் தடுக்க வாயிலில் வளைத்து வைத்த இரும்புக் கம்பி, சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுக்கிறது. இவை வடிவமைப்புக் குறைகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றே. அன்றாடம் அங்கே இருந்து, எவர் எங்கே திணறுகிறார் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால், ஒப்பந்ததாரர் அடுத்த பெஞ்சைக் கைப்பிடியோடு போடுவார். கட்டியதைப் பேணவும் ஆள் வேண்டும். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்த மரப்பாதை, மாண்டஸ் புயலில் இரண்டு வாரத்துக்குள் சேதமடைந்து பிறகு சீரமைக்கப்பட்டது. மணலில் கால் புதைவதால் அலையருகே போக முடியாத முதியவருக்கும் பயன்படும் பாதை அது. அமைத்ததைப் போலவே தொடர்ந்து பேணினால்தான் அந்த வழி திறந்திருக்கும்.

மூதாட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதியோரில் அவர்களே அதிகம். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மூத்த பெண்கள் 5.3 கோடி, மூத்த ஆண்கள் 5.1 கோடி. துணையை இழந்து தனித்து வாழ்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. பல ஊர்களில் பூங்கா விடியற்காலையில் திறந்து பத்து மணிக்குள் மூடி, மாலையில் மீண்டும் திறக்கிறது. காலை ஐந்து முதல் எட்டு வரை வீட்டுப் பெண்ணுக்கு அடுப்பு நேரம், அவருக்கு எழுபது வயதானாலும் சரி. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றல், பிள்ளைகளின் வருகை, மறுபடி அடுப்பு. அவருக்குக் கையில் இருக்கும் நேரம் முற்பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை. அந்த நேரத்தில் பூங்கா பூட்டியிருக்கிறது! நடுப்பகலில் திறந்தால் காதலர்களும் குடிகாரர்களும் வருவார்கள் என்று அஞ்சியே பூட்டுகிறார்கள். ஆளில்லாத இடம்தான் அப்படி ஆகும். இருபது மூதாட்டிகள் உட்கார்ந்து தாயமும் பல்லாங்குழியும் ஆடிக்கொண்டு, ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கும் பூங்காவில் குடிப்பவர் வந்து உட்கார மாட்டார். வெயில் ஒரு நியாயமான தடை. அதற்கு விடை புல்தரையைக் குறைத்துப் புங்கும் வேம்பும் நடுவதும், கூரையிட்ட ஒரு மண்டபமும், குடிநீரும். கோயில் பிராகாரத்தில் பெண்கள் நடுப்பகலிலும் இளைப்பாறுகிறார்கள் என்றால், அங்கே நிழல் உண்டு, உட்கார்ந்திருப்பதைக் கேள்வி கேட்பவர் இல்லை. அந்த இரண்டையும் நகராட்சியால் தர முடியாதா?

ஏழைகளின் குடியிருப்புகளில் நிலைமை இன்னும் கடினம். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் அடுக்கு வீட்டின் மேல்தளத்தில் இருக்கும் முதியவருக்குப் படிக்கட்டே சிறை. பழைய தெருவின் வாசலில் உட்கார்ந்து நாலு பேரோடு பேசிய பழக்கம் இடம்பெயர்ந்த அன்றே அறுந்துபோனது. நடத்துவதற்கு ஆள் போட வேண்டிய முதல் இடங்கள் இவை.

பணம் எங்கே என்ற கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் திணறும் நகராட்சி முதியோர் விளையாட்டுக்கு ஆள் வைக்குமா என்று கேட்பது கடினமான, நேர்மையான கேள்வி. முதலில், பூங்காவுக்குப் பணமே இல்லை என்பது சரியன்று. 2015-இல் வந்த நகரங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம், ஒதுக்கீட்டில் 2.5 விழுக்காட்டைப் பூங்காக்களுக்கே வைத்தது. குழந்தைகளுக்கும் மூத்தோருக்கும் உகந்ததாக அவை அமைய வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பணம் கல்லிலும் சிமெண்டிலும் செலவாயிற்று, நடத்தும் செலவை உள்ளாட்சியின் தலையில் விட்டார்கள். அடுத்து, நடத்தும் செலவுக்கு வழிவகுத்த முன்னோடி நம்மிடமே இருக்கிறது. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியை வசூலிக்க வழிசெய்தது. சோற்றுக்கே பஞ்சமான காலத்தில் புத்தகத்துக்கு வரியா என்று அன்றும் கேட்டிருக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் நம் ஊர்களில் நூலகர் என்ற பணியாளரே இருந்திருக்க மாட்டார். நூலகத்துக்கு நூலகர் வேண்டும் என்பதை ஏற்ற சமூகம், பூங்காவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதை ஏற்க மறுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பொறுப்பாளர் நாலைந்து பூங்காக்களை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தொடை எலும்பு அறுவைச் சிகிச்சைக்கும் அதன்பின் வரும் பராமரிப்புக்கும் ஆகும் செலவோடு அவருடைய ஊதியத்தை ஒப்பிடுங்கள்.

முதியோருக்கெனத் தனி மையங்கள் வருகின்றனவே, பூங்கா எதற்கு என்றும் கேட்கலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 'அன்புச்சோலை' என்ற பகல்நேர மையங்கள் 25 அறிவிக்கப்பட்டதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாநிலம் முழுவதற்கும் இருபத்தைந்து. சென்னை மாநகராட்சியிடம் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. நடந்து போகும் தொலைவில் இருப்பது பூங்காதான். இன்னொரு காரணமும் உண்டு: மையத்தில் முதியவர் முதியவரை மட்டுமே பார்ப்பார், பூங்காவில் குழந்தையையும் பார்ப்பார். குழந்தைகளின் இடத்தைப் பறிக்கிறோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமே முதியோரின் நேரம். கேட்பால் என்ற விளையாட்டை ஜப்பானியர் 1947-இல் குழந்தைகளுக்காகத்தான் உருவாக்கினார்கள். அது முதியோரின் விளையாட்டாக மாறி நாடெங்கும் பரவியது.

பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவமனை வரலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, 1991-இல் உச்ச நீதிமன்றம் முத்தப்பா வழக்கில் அதைச் செல்லாது என்றது. திறந்தவெளி மக்களின் நலவாழ்வுக்கு உரியது, அதைத் தனியாருக்கு மாற்றித்தர முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே தனிச் சட்டம் உண்டு. நிலத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது; அந்த நிலத்தில் முதியவருக்கு ஒரு மணி நேரத்தை உறுதிசெய்யும் விதி இன்னும் எழுதப்படவில்லை.

அதை எழுதவைக்க முடியும். அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள், காந்தி பிறந்த நாளில், ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் மாநில அரசின் 2022 விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபாவும் இருக்கின்றன. அங்கே போய் மூன்றே கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்: நம் பூங்காவின் கழிவறை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, நடுப்பகலில் அதன் வாயில் ஏன் பூட்டியிருக்கிறது, முதியோருக்குப் பயிற்சி நடத்த வாரம் இரண்டு நாள் யார் வருவார். விடை கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் உங்கள் வீட்டு மூத்தவர்களையும் அழைத்துச் சென்று மீண்டும் கேளுங்கள்.